ஆஸ்துமாச் சளியும் மூலிகைச் சேர்மங்களும்: ஆய்வுச் செய்தியை எடைபோடவும் பாதுகாப்பாகப் பயன்படுத்தவும் ஒரு வழிகாட்டி

ஏதோ ஒரு தாவரத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள் ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாயில் சளி மிகுவதைத் தடுக்கிறது என்ற செய்தி, மழைக்காலம் தொடங்கினால் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் வந்து சேர்கிறது. அவற்றில் பல முழுப் பொய்கள் அல்ல. எங்கோ ஓர் ஆய்வகத்தில் முறையாகச் செய்யப்பட்ட சோதனையே பெரும்பாலும் அவற்றின் மூலம். ஆனால் அந்தச் சோதனை எதன் மீது, எந்த அளவில், எந்த நிலையில் செய்யப்பட்டது என்ற விவரங்கள் வழியிலேயே உதிர்ந்துபோய், "இன்று முதல் காலையில் இதைக் குடியுங்கள்" என்ற ஒற்றை வரி மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது. உதிர்ந்த விவரங்களை எப்படித் திரும்பக் கேட்பது என்பதையும், அதன் பிறகும் ஒரு மூலிகையைப் பயன்படுத்திப் பார்க்க விரும்புவோர் மருத்துவர் தரும் சிகிச்சைக்குக் குந்தகமின்றி அதை எப்படிச் செய்வது என்பதையும் இங்கே எழுதுகிறேன். இன்ஹேலரை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவது எப்படி என்று தேடி வந்தவர்களுக்கு இதில் எதுவும் இல்லை.

முதலில் சளியைப் புரிந்துகொள்ளுங்கள்

மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள கோப்பைச் செல்களும், அதற்கு அடியில் புதைந்திருக்கும் சளிச் சுரப்பிகளும் மியூசின் என்னும் மிகப் பெரிய புரதங்களைச் சுரக்கின்றன. நலமாக இருப்பவரின் சளியில் ஏறத்தாழ 97 விழுக்காடு நீர்தான்; மீதியில்தான் மியூசினும் உப்பும் பிறவும் அடங்கும். மியூசின்களில் இரண்டு நமக்கு முக்கியமானவை. எம்யூசி5பி என்பது அன்றாடத் துப்புரவுக்கு இன்றியமையாதது. அதைச் சுரக்க இயலாதவாறு மரபணு நீக்கப்பட்ட எலிகள் நுரையீரலில் தொற்று மண்டி மடிந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. எம்யூசி5ஏசி என்பது நலமானவரிடம் குறைவாகவும் ஆஸ்துமா நோயாளியிடம் பன்மடங்காகவும் காணப்படுவது. ஆகவே சளியைக் குறைப்பது என்றால் எல்லாச் சளியையும் வற்றச் செய்வது என்று பொருளல்ல. அப்படி வற்றச் செய்யும் பொருள் ஒன்று இருந்தால் அது நோயாளிக்குத் தீங்கையே விளைவிக்கும்.

ஒவ்வாமை வகை ஆஸ்துமாவில் நோயெதிர்ப்புச் செல்கள் வெளியிடும் இன்டர்லியூகின்-13 என்னும் சமிக்ஞைப் புரதம், மூச்சுக்குழாயின் சாதாரணச் செல்களைக் கோப்பைச் செல்களாக மாறத் தூண்டுகிறது. கூடவே அங்கு திரளும் ஈசினோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் தம் நொதியால் மியூசின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, சளியை இருமினாலும் வராத கெட்டித் தக்கையாக்கிவிடுகின்றன. 2018இல் வெளியான சி.டி. ஸ்கேன் ஆய்வொன்றில், பங்கேற்ற ஆஸ்துமா நோயாளிகளுள் 58 விழுக்காட்டினரிடம் நுரையீரலின் ஒரு பகுதியிலாவது இத்தகைய தக்கை இருந்தது. நலமானவர்களிடம் அது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஈசினோஃபில்கள் மிகுந்த சளி மஞ்சளாகவும் தெரியும் என்பதால், மஞ்சள் நிறத்தைக் கண்டதும் கிருமித்தொற்று என்று முடிவுகட்டி ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் வழக்கத்தையும் இங்கே கேள்விக்குட்படுத்த வேண்டியிருக்கிறது.

இந்த நிகழ்வுச் சங்கிலியின் தலைப்பகுதியில் உள்ள அழற்சியைத் தணிப்பதுதான் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டின் வேலை. ஊசியாகப் போடப்படும் டுபிலுமாப் இன்டர்லியூகின்-13 பற்றிக்கொள்ளும் ஏற்பியையே அடைக்கிறது. ஒரு தாவரச் சேர்மம் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, அது இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் கைவைப்பதாகச் சொல்லப்படுகிறது என்று முதலில் பாருங்கள்.

எதன் மீது சோதித்தார்கள்?

மியூசின் தொடர்பான ஆய்வுகளில் பெரும்பங்கு என்சிஐ-எச்292 என்னும் செல்வரிசையில் நடக்கிறது. இது மனித நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து பெறப்பட்டு ஆய்வகங்களில் வளர்க்கப்படுவது. தென் கொரியாவின் சுங்நம் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதே செல்லைக் கொண்டு பல தாவரச் சேர்மங்களை ஒவ்வொன்றாகச் சோதித்திருக்கிறார்கள். செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான். தட்டின் குழிகளில் செல்களை வளர்க்கிறார்கள். சோதனைப் பொருளை இட்டு அரை மணி நேரம் காத்திருக்கிறார்கள். பிறகு பிஎம்ஏ அல்லது ஈஜிஎஃப் என்னும் தூண்டியைச் சேர்த்து, 24 மணி நேரம் கழித்து மேலே நிற்கும் நீர்மத்தில் எம்யூசி5ஏசி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எலிசா என்னும் புரத அளவீட்டு முறையில் அளக்கிறார்கள். பொருள் இட்ட குழியில் மியூசின் குறைந்திருந்தால், அழற்சிக்கான மரபணுக்களை முடுக்கும் என்எஃப்-கப்பா-பி போன்ற பாதையை அது தடுத்ததா என்று அடுத்துப் பார்க்கிறார்கள்.

இது பயனுள்ள, நேர்மையான வேலை. ஆயினும் இதைப் படிப்பவர் மூன்றைக் கவனிக்க வேண்டும். தூண்டிக்கு முன்பே பொருள் இடப்பட்டிருக்கிறது. நோயாளியோ சளி கட்டிய பிறகுதான் மருந்து தேடுகிறார். அந்தக் குழியில் ஈசினோஃபிலும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை. மேலும், பொருளின் நச்சால் செல்கள் நலிந்தாலும் மியூசின் குறையத்தான் செய்யும். எனவே செல்கள் உயிரோடிருந்தனவா என்று தனியே சோதித்திருக்கிறார்களா என்பதைத் தேடிப் பாருங்கள். மஞ்சளில் உள்ள குர்குமின், வெங்காயத்தில் உள்ள குர்செட்டின் போன்றவற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. இவை பல சோதனைகளின் வினைபொருள்களோடு தாமே குறுக்கிட்டு, எதைச் சோதித்தாலும் பலன் இருப்பதுபோல் காட்டக்கூடியவை என்று மருந்து வேதியியலாளர்கள் நெடுநாளாக எச்சரித்து வருகிறார்கள்.

அடுத்த படி எலி. முட்டை வெண்கருவின் புரதத்தை ஊசியாகச் செலுத்தி எலிக்கு ஒவ்வாமையை உண்டாக்கி, பின்னர் அதே புரதத்தை முகரச் செய்து மூச்சுக்குழாயை வீங்க வைக்கிறார்கள். நுரையீரலைச் சீவிச் சாயமேற்றினால் சளி நிறைந்த செல்கள் கருஞ்சிவப்பாகத் தெரியும். எலிக்கு இயல்பாக ஆஸ்துமா வருவதில்லை. அத்துடன், பெரும்பாலான எலி ஆய்வுகளிலும் சேர்மம் நோயைத் தூண்டும் நாள்களிலேயே கொடுக்கப்பட்டுவிடுகிறது. வருமுன் தடுத்ததா, வந்ததை மாற்றியதா என்று அறியக் கட்டுரையின் செய்முறைப் பகுதியைத்தான் படிக்க வேண்டும். சுருக்கத்தில் அது பெரும்பாலும் இராது.

அளவுக் கணக்கு

எவரும் வீட்டிலிருந்தே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. பாதிச் செய்திகளை இதுவே தீர்த்துவைத்துவிடும். செல் சோதனைகளில் குர்குமினை லிட்டருக்கு 20 மைக்ரோமோல் என்ற செறிவில் இட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். குர்குமினின் மூலக்கூறு எடை 368 என்பதால், அது லிட்டருக்கு ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் ஆகிறது. 2001இல் தைவானிலிருந்து வெளியான மனிதச் சோதனையில், நாளொன்றுக்கு 8 கிராம் தூய குர்குமினை விழுங்கியவர்களின் இரத்தத்திலும் உச்ச அளவு சராசரியாக 2 மைக்ரோமோலை எட்டவில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடுதான். 8 கிராம் குர்குமினுக்குக் கால் கிலோவுக்கும் மேற்பட்ட மஞ்சள் தூள் வேண்டும். இரவில் பாலில் கலக்கும் அரைத் தேக்கரண்டி, அதாவது ஒன்றரைக் கிராம் தூளில், கிடைப்பது 45 மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதி குடலிலேயே தங்கி வெளியேறிவிடுகிறது. உட்புகுந்த கொஞ்சத்தையும் கல்லீரல் விரைவில் மாற்றிவிடுகிறது. மஞ்சள் பால் இதமாக இருக்கலாம், தூக்கமும் வரலாம்; ஆனால் செல் தட்டில் நடந்தது அந்தக் குவளையால் மூச்சுக்குழாயில் நடக்கும் என்று எதிர்பார்க்க இந்த எண்கள் இடம் தரவில்லை.

"அதற்குத்தான் மிளகு சேர்க்கச் சொல்கிறார்கள்" என்ற பதில் உடனே வரும். உண்மைதான். 2 கிராம் குர்குமினுடன் மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது உடலில் கிடைக்கும் குர்குமின் 2000 விழுக்காடு உயர்ந்ததாக 1998இல் பெங்களூரிலிருந்து வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆனால் பைப்பரின் குர்குமினை மட்டும் தேடிப்பிடித்து உதவவில்லை. உடல் அந்நியப் பொருள்களை அழித்து வெளியேற்றும் நொதிகளை அது பொதுவாக மந்தப்படுத்துகிறது, ஆகவே அதே நொதிகளால் வெளியேற வேண்டிய வேறு மருந்துகளும் இரத்தத்தில் தேங்குகின்றன. ஆஸ்துமா நோயாளிகள் பலர் இன்றும் எடுத்துக்கொள்ளும் தியோஃபிலின் அவற்றுள் ஒன்று. டெரிஃபிலின் மாத்திரையில் இருப்பதும் இதுவே. தியோஃபிலினில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதை எடுப்பவர் பைப்பரின் செறிவூட்டிய குர்குமின் மாத்திரையையோ, திப்பிலியும் மிளகும் கொண்ட திரிகடுகச் சூரணத்தையோ நாள்தோறும் சேர்த்துக்கொண்டால் குமட்டல், படபடப்பு, கைநடுக்கம் தோன்றலாம். அளவு மிகுந்தால் வலிப்பும் வரலாம். ரசத்தில் போடும் மிளகு இந்தக் கணக்கில் வராது.

மனிதர்களிடம் சோதிக்கப்பட்டவை

இந்தப் படிவரை வந்த தாவரப் பொருள்கள் குறைவு. பறங்கிச் சாம்பிராணி மரத்தின் பிசினில் உள்ள போஸ்வெல்லிக் அமிலங்கள், லூக்கோட்ரையீன் என்னும் அழற்சிப் பொருளை உருவாக்கும் நொதியைத் தடுக்கின்றன. மான்டெலூகாஸ்ட் மாத்திரையின் இலக்கும் இதே பாதையின் அடுத்த கண்ணிதான். 1998இல் வெளியான இந்திய ஆய்வில் 40 நோயாளிகள் இந்தப் பிசினை 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, ஆறு வாரம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 70 விழுக்காட்டினரும், மருந்தற்ற மாத்திரை பெற்றோரில் 27 விழுக்காட்டினரும் தேறினார்கள். ஊக்கம் தரும் முடிவு. ஆனால் சிறிய ஆய்வு. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சோதித்தது விழுங்கும் பிசினை. புகைக்கும் சாம்பிராணியை அல்ல. மாலையில் வீடெங்கும் சாம்பிராணி போடும் வழக்கமுள்ள வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருந்தால், அந்தப் புகையே இரைப்பைத் தூண்டும், சளியையும் பெருக்கும். "மூலிகைப் புகைதானே" என்று யாராவது சொன்னால், நுரையீரலுக்குக் கரித்துகள் எந்த மரத்திலிருந்து வந்தது என்பது தெரியாது என்று பதில் சொல்லலாம்.

யூகலிப்டஸ் எண்ணெயின் முதன்மைச் சேர்மமான சினியோலை ஜெர்மனியில் சோதித்தார்கள். வாய்வழி ஸ்டீராய்டைச் சார்ந்திருந்த 32 நோயாளிகளில், குடலில் கரையும் உறைமாத்திரையாக 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை 12 வாரம் எடுத்தவர்களால் ஸ்டீராய்டு அளவைச் சராசரியாக 36 விழுக்காடு குறைக்க முடிந்தது; மற்றவர்களால் 7 விழுக்காடுதான். ஸ்டீராய்டை மருத்துவர்களே படிப்படியாகக் குறைத்தார்கள். ஊட்டியில் வாங்கி வரும் நீலகிரித் தைலத்தைச் சர்க்கரையில் விட்டு விழுங்குவது இதற்கு ஈடாகாது. அந்த எண்ணெயைக் குழந்தைகள் சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும். தைலம் விட்டு ஆவி பிடிப்பதும் சிலருக்கு நெடியினாலேயே இரைப்பைக் கிளப்புகிறது.

கண்டங்கத்திரியும் தூதுவளையும் சித்த மருத்துவத்தில் இரைப்புக்குத் தொன்றுதொட்டு வழங்குபவை. 1999இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில் இவற்றின் பொடி, மிதமான ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சளவைக் கூட்டியது. ஆனால் வழக்கமான மூச்சுக்குழாய் விரிவு மருந்துகளின் அளவுக்கு அல்ல. தூதுவளைத் துவையலையோ ரசத்தையோ உணவாக உண்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஆடாதோடையின் கதை வேறு. அதன் வாசிசின் என்னும் சேர்மத்தை மாதிரியாகக் கொண்டுதான் புரோம்ஹெக்சினும், அதன் வழியாக ஆம்ப்ராக்சாலும் உருவாயின. இருமல் மருந்துப் புட்டியின் பின்புறத்தை உருப்பெருக்கி வைத்துப் படித்தால் இவற்றுள் ஒன்றைக் காணலாம். ஆடாதோடையின் வாரிசை நம்மில் பலர் அறியாமலே குடித்திருக்கிறோம். இவை சளியை இளக்கும். ஆஸ்துமாவின் அழற்சியை ஆற்றும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் கருவுற்றவர்கள் ஆடாதோடையைத் தொடவே கூடாது. ஊமத்தையும் இப்படித்தான். ஆஸ்துமாவுக்கு ஊமத்தைப் புகை பிடிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குப் போனது. அதன் அட்ரோபினின் வழிவந்தவையே இன்றைய இன்ஹேலர் மருந்துகளான இப்ராட்ரோபியமும் டையோட்ரோபியமும். செடி நஞ்சு, மாற்றியமைத்து அளவிட்ட மூலக்கூறு மருந்து.

எடுத்துப் பார்ப்பதென்றால்

முதல் வேலை மூலிகை வாங்குவதல்ல. இன்ஹேலரை மருத்துவர் அல்லது செவிலியர் முன்னிலையில் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். அழுத்துவதும் மூச்சிழுப்பதும் ஒன்றாக நிகழாமல், மருந்தின் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும் நோயாளிகள் ஏராளம்; ஸ்பேசர் என்னும் குழல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டாலே பலருக்குச் சளி குறைந்துவிடுகிறது. மூச்சுக்குழாயை உடனடியாக விரிக்கும் சால்புட்டமாலை மட்டும் நம்பிக் காலம் தள்ளுவதை 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டு நெறிகள் ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதன் பிறகு, மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்கி, இரு வாரங்களுக்குக் காலையும் மாலையும் மும்முறை ஊதி, அவற்றுள் மிக உயர்ந்த அளவைக் குறித்து வாருங்கள். ஐந்து கேள்விகள் கொண்ட ஆஸ்துமா கட்டுப்பாட்டுப் படிவத்தையும் நிரப்புங்கள். அதில் 25க்கு 20 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் கட்டுக்குள் இருப்பதாகக் கொள்ளலாம். இந்த அடிப்படை எண்கள் கையில் இல்லாமல் தொடங்கினால், பருவம் மாறியதால் வந்த நிம்மதியையும் மூலிகையின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். நோய் நிதானமாக இருக்கும் காலத்தில்தான் தொடங்க வேண்டும்.

எடுக்க நினைக்கும் பொருளை, இப்போதைய மருந்துகள் அனைத்தின் பட்டியலோடும், நுரையீரல் மருத்துவரிடமும் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடமும் காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மூலிகை. உற்பத்தி உரிம எண்ணும் தொகுதி எண்ணும் அச்சிட்ட பொதி. பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் "ஆஸ்துமாப் பொடி" மூன்றே நாளில் வியக்கத்தக்க சுகம் தந்தால் மகிழ வேண்டாம், ஐயப்படுங்கள். அத்தகைய பொடிகளில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. முகம் உருண்டு உப்புவது, சர்க்கரை ஏறுவது ஆகியவை அதன் அடையாளங்கள். மாதக்கணக்கில் உண்டுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால், பொட்டலத்தோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.

அதிமதுரத்துக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். அதன் கிளிசிரைசின் உடலில் உப்பைத் தேக்கி, இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்குகிறது. சால்புட்டமாலும் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையும் பொட்டாசியத்தை இறக்குபவையே. மூன்றும் சேர்ந்தால் தசை தளர்வதும் இதயத் துடிப்பு பிறழ்வதும் நேரலாம். தொண்டைக்கு எப்போதாவது ஒரு துண்டு சுவைப்பது வேறு; அதிமதுரக் கஷாயத்தை வாரக்கணக்கில் குடிப்பது வேறு.

நான்கு முதல் ஆறு வாரம் கழித்து எண்களை ஒப்பிடுங்கள். படிவத்தில் 3 புள்ளிகளாவது உயர்ந்திருந்தால் அதைப் பொருட்படுத்தலாம். ஒன்றிரண்டு புள்ளிகளின் ஏற்றம் வெறும் அலைவு. மாற்றம் இல்லையெனில் நிறுத்திவிடுங்கள். மாற்றம் இருந்தாலும் இன்ஹேலரின் அளவைக் குறைப்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தோலில் தடிப்பு, கண்ணில் மஞ்சள், சிறுநீர் கருத்தல், விட்டு விட்டு வரும் புது இரைப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே நிறுத்த வேண்டும். குர்குமின் மாத்திரைகளால், அதிலும் மிளகுச் சாறு சேர்த்தவற்றால், கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

பீக் ஃப்ளோ உங்கள் வழக்கமான உச்ச அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மருத்துவரை அணுகுங்கள். பாதிக்குக் கீழே போனாலும், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு முட்டினாலும், உதடு நீலம் பாரித்தாலும் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சால்புட்டமாலை ஸ்பேசர் வழியாக 4 முதல் 10 முறை வரை, ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியே மூச்சிழுத்து எடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்யலாம். மருத்துவமனைக்குச் செல்லும்போது மூலிகைப் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டு, எதை, எத்தனை நாளாக, எவ்வளவு எடுத்தீர்கள் என்று பணியிலிருக்கும் மருத்துவர் கேட்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஊசி வழியாகத் தியோஃபிலினின் மறு வடிவமான அமினோஃபிலின் கொடுக்கலாமா, பொட்டாசியத்தை உடனே பார்க்க வேண்டுமா என்பனவற்றை அவர் அதைக் கொண்டே முடிவு செய்வார்.